திரையில் எல்லாம் பச்சை, ஷெட்டில் மெஷின் நிற்கிறது: பராமரிப்பு மென்பொருளில் பிழை நீக்கும் வழிமுறை

கோவை, பல்லடம், உடுமலை வட்டாரத்து நூற்பாலைகளிலும் சிறு இன்ஜினியரிங் ஷெட்களிலும் மெயின்டெனன்ஸ் வேலையை லாக்புக்கிலிருந்து மென்பொருளுக்கு மாற்றிக் கொடுக்கிறேன். அதற்கு முன்னால் மில்லில் ஷிப்ட் பார்த்தவன். புதிதாகப் போட்ட இடத்திலிருந்து இரண்டு மூன்று மாதத்தில் ஒரு போன் வந்துவிடும்: "சாஃப்ட்வேர் சரியில்லீங்க சார், பழைய நோட்டே தேவலாமுங்க." போய்ப் பார்த்தால் பெரும்பாலும் மென்பொருள் சொன்னதைத்தான் செய்துகொண்டிருக்கும். முன்பு மறதியால் வந்த தவறு இப்போது தேதியாகவும் மெஷின் நம்பராகவும் ஒரு 'முடிந்தது' பட்டனாகவும் உள்ளே போயிருக்கும்.

திரும்பத் திரும்பப் பார்த்த கோளாறுகளை அறிகுறி வாரியாக எழுதியிருக்கிறேன். ஒவ்வொன்றிலும் செலவில்லாத சோதனை முதலில், செலவு வைப்பது கடைசியில். ஓடூ, ஈஆர்பிநெக்ஸ்ட் மாதிரி மென்பொருள்களின் பராமரிப்புப் பகுதியாக இருந்தாலும், உள்ளூரில் எழுதி வாங்கியதாக இருந்தாலும், வெறும் எக்செல் ஷீட்டாக இருந்தாலும் சோதனை ஒன்றுதான்.

எதைத் தொடுவதற்கு முன்பும் பேக்கப் எடுத்துவிடுங்கள். மொத்தமாக எதையும் அழிக்காதீர்கள்.

## அறிகுறி 1: வேலை வரவேண்டிய நாளில் வரவில்லை

எந்த மெஷினுக்குமே இன்று வேலை உருவாகவில்லையா?

அப்படியானால் மெஷின் பட்டியலைத் தோண்ட வேண்டாம். வேலைகளைத் தானாக உருவாக்கும் பகுதி நின்றிருக்கிறது. கரண்ட் போய் சர்வர் திரும்ப எழுந்தபோது அது மட்டும் எழாமல் இருப்பது சகஜம். சர்வரை ஒரு முறை முறையாக நிறுத்தி எழுப்புங்கள். மறுநாளும் வேலை வரவில்லையென்றால் மென்பொருள் கொடுத்தவரைக் கூப்பிடுங்கள். அதற்கு மேல் அது உங்கள் வேலை இல்லை.

வேலை வருகிறது, ஆனால் இரவு ஷிப்ட்டுக்குச் சேரவேண்டியது விடிந்துதான் வருகிறதா?

சர்வரின் நேர அமைப்பைப் பாருங்கள். யூடிசி (உலகப் பொது நேரம்) என்று இருந்தால் அதற்கு நள்ளிரவு 12 மணி ஆகும்போது நமக்குக் காலை 5:30. ஆறு மணிக்கு ஷிப்ட் முடித்துக் கிளம்பும் ஃபிட்டர் கையில் அரை மணி நேரத்துக்கு முன்னால் வேலை வந்து விழும். அவர் அதைத் தள்ளிவிடுவார், பகல் ஷிப்ட் அதை இரவு வேலை என்று விட்டுவிடும். இந்திய நேரத்துக்கு மாற்றினால் தீர்ந்தது.

சில மெஷினுக்கு மட்டும் தேதி தாறுமாறாக இருக்கிறதா?

எக்செலிலிருந்து ஏற்றிய தேதிகள் புரண்டிருக்கும். ஆகஸ்ட் 5 என்று எண்ணி 05/08 என்று அடித்திருப்பீர்கள். கம்ப்யூட்டர் அமெரிக்க முறையில் இருந்தால் அதை மே 8 என்று எடுத்துக்கொள்ளும். கண்டுபிடிக்க எளிய வழி உண்டு. தேதிப் பத்தியில் சில தேதிகள் இடது ஓரத்திலும் சில வலது ஓரத்திலும் ஒட்டி நின்றால் கோளாறு இதுதான். 13 முதல் 31 வரையுள்ள நாட்களை மாதமாக எடுக்க முடியாததால் எக்செல் அவற்றை வெறும் எழுத்தாக இடதில் விட்டுவிடும். 12 வரை உள்ளவை புரண்டு வலதில் போய் நிற்கும். ஆண்டு, மாதம், நாள் என்ற வரிசையில் 2025-08-05 என்று எழுதி மறுபடி ஏற்றுங்கள்.

தேதி மாதாமாதம் நழுவிக்கொண்டே போகிறதா?

அடுத்த தேதியை எதிலிருந்து எண்ணச் சொல்லியிருக்கிறீர்கள் என்று பாருங்கள். வேலை முடித்த நாளிலிருந்து என்றால், ஒவ்வொரு முறை ஐந்து நாள் தாமதித்தாலும் அடுத்ததும் ஐந்து நாள் தள்ளும். கிரீஸ் போடுவதற்கு அது பரவாயில்லை. சட்டப்படியான பரிசோதனைக்கு ஆகாது. தொழிற்சாலைகள் சட்டம் 1948, லிஃப்டைத் தகுதி பெற்ற ஆள் ஆறு மாதத்துக்கு ஒரு முறையாவதும், கிரேன், சங்கிலி, ரோப் போன்ற தூக்கும் சாமான்களை 12 மாதத்துக்கு ஒரு முறையாவதும் பார்க்க வேண்டும் என்று வகுத்தது. இந்த மாதிரி வேலைகளுக்கெல்லாம் நிலையான தேதி என்ற அமைப்பைப் போடுங்கள். கெடு தாண்டிவிட்டதென்று தெரிந்தால் திரையில் தேதியை மாற்றி மறைக்காதீர்கள். அந்தக் கிரேனை நிறுத்திவிட்டுப் பரிசோதகரைக் கூப்பிடுங்கள்.

தேதி சரி, ஆனாலும் மெஷின் முன்கூட்டியே கெடுகிறதா?

நாள் கணக்கில் வைத்திருக்கிறீர்களா, ஓடிய மணிக் கணக்கிலா என்று பாருங்கள். ஒரு மில்லில் ஸ்க்ரூ கம்ப்ரசர் மே மாத இரவுகளில் சூடேறி டிரிப் ஆகிக்கொண்டே இருந்தது. மென்பொருளில் ஆயில் மாற்றம் 'ஆறு மாதத்துக்கு ஒரு முறை'. கெடு இன்னும் தாண்டவில்லை, எல்லாம் பச்சை. அந்த ஆறு மாதத்தைப் போட்டவர் ஒரே ஷிப்ட் ஓடும் ஷெட்டிலிருந்து வந்தவர். அங்கே ஒரு நாளைக்கு 8 மணி, மாதம் 25 நாள் என்று ஆறு மாதத்துக்கு 1,200 மணிதான் வரும். மூன்று ஷிப்ட் ஓடும் மில்லில் அதே ஆறு மாதம் 4,300 மணியைத் தாண்டிவிடும். அந்த கம்ப்ரசரின் கையேட்டில் ஆயிலுக்குச் சொல்லியிருந்தது 2,000 மணி. ஆயிலை வடிக்கும் டிரெயின் அடைப்பைத் திறந்தபோது ஆயில் கறுத்து, விரலில் பிசின்போல ஒட்டியது. பக்கத்தில் நின்ற ஸ்டாண்ட்பை கம்ப்ரசரோ மொத்தமே 200 மணிகூட ஓடவில்லை. அதற்கும் அதே ஆறு மாதம்.

கம்ப்ரசர், ஜெனரேட்டர், பம்ப் எல்லாவற்றையும் மணிக் கணக்குக்கு மாற்றுங்கள். அதோடு 'எது முதலில் வருகிறதோ' என்று ஒரு நாள் கெடுவும் சேருங்கள், ஓடாத மெஷினிலும் ஆயில் கெடும். ஆயில் மாற்றியும் சூடு இறங்கவில்லையென்றால் கூலர் அடைப்பு, தெர்மல் வால்வு என்று போகும். அங்கே கம்ப்ரசர் கம்பெனி ஆள்தான் வரவேண்டும்.

## அறிகுறி 2: எல்லா வேலையும் முடிந்ததாகக் காட்டுகிறது, ஆனால் பிரேக்டவுன் குறையவில்லை

என்னைக் கேட்டால், பார்க்க நேரம் ஒன்றுக்குத்தான் என்றால் இதை மட்டும் பாருங்கள். மற்றவை கணக்குத் தவறு. இது ஆளைக் காயப்படுத்தும் தவறு.

முதல் சோதனை, பத்து நிமிடம். போன மாதம் முடிந்த வேலைகளை முடித்த நேரப்படி வரிசைப்படுத்துங்கள். ஷிப்ட் இரண்டு மணிக்கு முடியும் இடத்தில், 1:50க்கும் 2:00க்கும் நடுவே ஒரே ஆள் பெயரில் 14 வேலை முடிந்திருந்தால், அவை உட்கார்ந்த இடத்திலிருந்து முடித்தவை.

இரண்டாவது சோதனை, ஸ்டோர் தராசு. கிரீஸ் கன்னைப் பத்து முறை அழுத்தி, வந்ததை எடை போடுங்கள். ஒரு அழுத்துக்கு எத்தனை கிராம் என்று தெரிந்துவிடும். பிறகு கணக்கு: 40 இடம், இடத்துக்கு 10 கிராம், மாதம் நான்கு முறை என்றால் 1.6 கிலோ போயிருக்க வேண்டும். ஸ்டோரிலிருந்து வாங்கியது அரைக் கிலோ என்றால் மீதி திரையில்தான் போடப்பட்டிருக்கிறது.

மூன்றாவது, நேரில் போவது. ஒரு மில்லில் எச்-பிளான்ட் (ஷெட்டுக்கு ஈரக்காற்று தரும் பிளான்ட்) ஃபேனின் பிளம்மர் பிளாக்கை, அதாவது பேரிங் உட்காரும் கூட்டைப் பார்க்கப் போனேன். மூன்று வாரமாக வாராவாரம் கிரீஸ் போட்டதாகத் திரை சொன்னது. கிரீஸ் ஏற்றும் முனையான நிப்பிளின் தலையில் பஞ்சுத் தூசி தொப்பிபோல் படிந்திருந்தது. கன்னின் வாய் ஒரு தடவை பட்டிருந்தாலும் அந்தத் தொப்பி கலைந்திருக்கும். விரலால் தள்ளினேன், உள்ளே பழைய கிரீஸ் காய்ந்து மஞ்சளாகக் கட்டியிருந்தது. அந்த ஃபிட்டரைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டேன். "ஃபேனை நிறுத்தாம அந்தப் பக்கம் கை விட முடியாதுங்க சார். நிறுத்தச் சொன்னா ஷெட்டுல ஈரம் போயிரும், நூல் அறுக்கும்னு சத்தம் போடறாங்க. முடிக்காம வெச்சா சிவப்புக் காட்டுது, ஆபீஸ்ல கூப்பிட்டுக் கேக்கறாங்க. நான் என்னங்க பண்றது?"

அவர் சொன்னதற்கு என்னிடம் மறுபேச்சில்லை. திரையில் சிவப்பு வந்தால் ஃபிட்டரைத் திட்டுவது, மெஷினை நிறுத்த நேரம் மட்டும் கொடுக்காமல் இருப்பது. இப்படி இருந்தால் எந்த ஊர் மென்பொருளும் பொய்யைத்தான் சேகரிக்கும்.

இனி சரிசெய்யும் வரிசை.

*மெஷின் பக்கத்தில் சிக்னல் வருகிறதா?* போனைக் கையில் வைத்துக்கொண்டு அங்கேயே போய் நில்லுங்கள். பேஸ்மென்ட்டிலும் தகர ஷெட்டின் மூலையிலும் சிக்னல் செத்துவிடும். ஆள் வேலையைச் செய்துவிட்டு வெளியே வந்துதான் முடிக்க முடியும், நான்கைந்து சேர்த்து முடிப்பார். நேர்மையான ஆளும் திருட்டுத்தனம் செய்தமாதிரித் தெரிவார். இணையம் இல்லாமலும் பதியும் வசதியை ஆன் செய்யுங்கள். இல்லையென்றால் ஒரு வைஃபை பாயின்ட் கூடுதலாகப் போடுங்கள்.

*கேள்வி எப்படி இருக்கிறது?* 'பெல்ட் சரிபார்க்கப்பட்டதா?' என்றால் டிக் விழும். 'பேரிங் சூடு எத்தனை டிகிரி?' என்றால் எண் வேண்டும், எண்ணுக்கு நேரில் போகத்தான் வேண்டும். மாதம் முழுக்க 52, 52, 52 என்றே வந்தால் அதுவும் ஒரு சேதிதான். ஒரு வேலைக்கு இரண்டு எண் போதும். இருபது கேட்டால் இருபதும் கற்பனையாக வரும்.

*'செய்ய முடியவில்லை' என்று ஒரு பட்டன் இருக்கிறதா?* பல மென்பொருளில் 'முடிந்தது', 'இன்னும் முடிக்கவில்லை' என்ற இரண்டே நிலைதான் இருக்கும். 'மெஷின் கொடுக்கவில்லை', 'ஸ்பேர் இல்லை', 'ஆள் இல்லை' என்று மூன்று காரணங்களைச் சேர்க்கச் சொல்லுங்கள். இதற்குத் திட்டு கிடையாது என்று ஓனரே வாயைத் திறந்து சொல்ல வேண்டும். முதல் மாதம் திரை முழுக்கச் சிவப்பாகும். பயப்படாதீர்கள், அந்தச் சிவப்புதான் உண்மை நிலவரம். புரொடக்ஷன் ஆட்களோடு உட்கார்ந்து வாரத்தில் எந்த மணி நேரம் எந்த மெஷினை நிறுத்தலாம் என்று பேச அது வேண்டும்.

*கடைசியாக, செலவு.* நிறுத்தாமல் கிரீஸ் போட முடியாத இடத்துக்குக் குழாய் இழுத்து நிப்பிளைக் கார்டுக்கு (மெஷினின் பாதுகாப்பு மூடிக்கு) வெளியே கொண்டுவாருங்கள். மேலே சொன்ன ஃபேனுக்கு அதைத்தான் செய்தோம். ஓடும் மெஷினின் கார்டைக் கழற்றித்தான் வேலை நடக்கிறது என்று எங்காவது தெரிந்தால் அந்த வேலையை அந்த நிமிடமே நிறுத்துங்கள். பாதுகாப்பு அதிகாரி வந்து பார்க்கும்வரை மென்பொருளில் அந்த வேலை நிறுத்திவைத்ததாகவே இருக்கட்டும்.

## அறிகுறி 3: வேலை வேறு மெஷினில் ஏறியிருக்கிறது

ஒரே ரிங் ஃபிரேம் (நூல் நூற்கும் மெஷின்) 'ஆர்எஃப்-07', 'ஆர்எஃப் 7', 'ரிங் ஏழு' என்று மூன்று பெயரில் இருக்கும். வரலாறு மூன்றாகப் பிரிந்துவிடும். ஆறு மாதத்தில் மூன்று முறை மோட்டார் போன மெஷின், திரையில் மூன்று மெஷினில் ஒவ்வொரு முறையாகத் தெரியும்.

பெயர்ப் பட்டியலை அகர வரிசையில் அடுக்கி இரட்டைகளைப் பாருங்கள். ஒன்றை வைத்துக்கொண்டு மற்றதை அதோடு சேருங்கள், அழிக்க வேண்டாம், அழித்தால் வரலாறும் போய்விடும். பிறகு பட்டியலை அச்சடித்து ஷெட்டுக்குள் நடந்து, மெஷினில் பெயின்ட் அடித்த நம்பர், கம்பெனி தகட்டில் உள்ள சீரியல் நம்பர், திரை நம்பர் மூன்றையும் ஒப்பிடுங்கள். மெஷினை இடம் மாற்றிய ஷெட்களில் இது கட்டாயம் இடிக்கும். நம்பரை மெஷினோடு அனுப்பினார்களா, இடத்தோடு விட்டார்களா என்பது அன்று இருந்தவருக்கு மட்டுமே தெரியும்.

பட்டியலில் ஒரு மெஷின் தேதியாக மாறியிருக்கிறதா என்றும் பாருங்கள். செப்பரேட்டருக்கு ஆங்கிலத்தில் 'செப்-02' என்று கோடு (குறியீடு) கொடுத்தால் எக்செல் அதைச் செப்டம்பர் 2 ஆக்கிவிடும். விஞ்ஞானிகளுக்கே இதே தொல்லை. 'மார்ச்1' மாதிரியான மரபணுப் பெயர்கள் தேதியாகிக்கொண்டே இருந்ததால் 2020இல் பெயர்களையே மாற்றிக்கொண்டார்கள். நீங்களும் மாத எழுத்து வராத கோடு வைத்துக்கொள்ளுங்கள்.

க்யூஆர் ஸ்டிக்கர் ஒட்டியிருந்தால் ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து பாருங்கள். அச்சடிக்கும்போது ஒரே தாள் இரண்டு முறை வந்திருக்கும்.

எலக்ட்ரிகல் பேனலில் எழுதிய நம்பரும் மெஷின் நம்பரும் ஒத்துவரவில்லையா? இங்கே நீங்கள் நிற்க வேண்டும். திரையைத் திருத்தாதீர்கள், ஸ்டிக்கரையும் மாற்றாதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் கேபிளைத் தொடர்ந்து போய் எந்தச் சுவிட்ச் எந்த மெஷினுக்கு என்று உறுதிசெய்யட்டும். ஏழாம் நம்பரை ஆஃப் செய்துவிட்டு ஏழாம் நம்பர் என்று நினைத்து எட்டில் கை வைப்பது இப்படித்தான் நடக்கிறது.

## அறிகுறி 4: ஸ்டாக் இருக்கிறது என்கிறது, ரேக்கில் இல்லை, அல்லது தவறான ஸ்பேர் வருகிறது

எண்ணிக்கைதான் தவறா? அடிக்கடி போகும் பத்து சாமானை மட்டும் எண்ணுங்கள். பன்னிரண்டு மடங்கு, நூறு மடங்கு என்று இடித்தால் அளவுக் குழப்பம்: வாங்கியது பெட்டிக் கணக்கில், கொடுத்தது பீஸ் கணக்கில். ஒன்றிரண்டு மட்டும் குறைந்தால் இரவு ஷிப்ட்டைப் பாருங்கள். ஸ்டோர்காரர் இல்லாத நேரத்தில் எடுத்துவிட்டு 'காலையில எழுதிக்கலாம்' என்று விட்டிருப்பார்கள். ரேக்கிலேயே க்யூஆர் ஒட்டி, எடுக்கும்போதே ஸ்கேன் செய்யும்படி வைத்தால் பெரும்பகுதி அடங்கும்.

ஒரே சாமான் பல பெயரிலா? 6205 பேரிங் என்று தேடிப் பாருங்கள். 'பேரிங் 6205', '6205 பேரிங்', '6205 இசட்இசட்', '6205 சி3' என்று நான்கைந்து வரும். இவற்றில் முதல் இரண்டும் ஒன்று, சேர்க்கலாம். மற்றவற்றைச் சேர்க்கக் கூடாது. எல்லாவற்றுக்கும் உள்விட்டம் 25, வெளிவிட்டம் 52, அகலம் 15 மில்லிமீட்டர், அதனால் எல்லாமே இடத்தில் உட்கார்ந்துவிடும். ஆனால் தகரமூடி (இசட்இசட்), ரப்பர் சீல், உள்ளிடைவெளி (சி3 என்றால் அதிகம்) எல்லாம் வேறு. சி3 போட வேண்டிய மோட்டாரில் சாதாரணத்தைப் போட்டால் சூடேறும்போது இறுகும். எதைச் சேர்ப்பது என்று ஸ்டோர்காரரையும் சீனியர் ஃபிட்டரையும் சேர்த்து உட்காரவைத்து முடிவெடுங்கள், கம்ப்யூட்டர் தெரிந்த பையனிடம் தனியாக விடாதீர்கள்.

பழையதைக் காட்டி அதேபோல் வாங்குகிறார்களா? 1990 ஜூன் 10 அன்று பர்மிங்காமிலிருந்து கிளம்பிய பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானத்தில் காக்பிட் கண்ணாடி நடுவானில் பிய்த்துக்கொண்டு போய், கேப்டன் பாதி உடம்பு வெளியே இழுக்கப்பட்டார். உயிர் பிழைத்துவிட்டார். கண்ணாடியைப் பொருத்திய 90 போல்ட்டில் 84 விட்டத்தில் சிறியவை, மீதி 6 நீளம் குறைந்தவை. கேட்லாக்கைப் பார்க்காமல், கழற்றிய பழைய போல்ட்டை வைத்துக் கண்ணால் பொருத்தி எடுத்திருந்தார்கள். அந்தப் பழைய போல்ட்களே தவறானவை. எனவே வேலைச் சீட்டிலேயே பார்ட் நம்பர் வரும்படி செய்யுங்கள், அந்த நம்பரை மெஷின் கையேட்டிலிருந்து எடுங்கள். கையேடு தொலைந்துபோயிருந்தால் மெஷின் கம்பெனிக்குச் சீரியல் நம்பரைச் சொல்லிக் கேளுங்கள்.

## அறிகுறி 5: மணி மீட்டர் கணக்கு எகிறுகிறது

ஒரு நாளைக்கு 24 மணிதான். நேற்றைய எண்ணிலிருந்து 24க்கு மேல் கூடினாலோ, நேற்றையதைவிடக் குறைந்தாலோ பதிவை ஏற்காதே என்று மென்பொருளில் ஒரு விதி போடுங்கள், இந்தத் தொல்லையில் பாதி போய்விடும். சரியாகப் பத்து மடங்கு எகிறியிருந்தால் மீட்டரின் கடைசி இலக்கத்தைப் பாருங்கள். பல மீட்டரில் அது வேறு நிறத்தில் இருக்கும், மணியின் பத்தில் ஒரு பங்கு. புதிதாக வந்தவர் அதையும் சேர்த்து எழுதியிருப்பார். சட்டென்று பூஜ்யத்துக்கு இறங்கியிருந்தால் மீட்டரை மாற்றியிருக்கிறார்கள். பழைய கடைசி எண்ணைத் தேடி எடுத்துக் கூட்டுங்கள்.

## அறிகுறி 6: பிரேக்டவுன் காரணம் எல்லாம் 'மற்றவை'

பட்டியல் நீளமாக இருக்கிறது, அல்லது ஆங்கிலத்தில் இருக்கிறது. எட்டுக்கு மேல் வைக்காதீர்கள். 'பெல்ட் அறுந்தது', 'பேரிங் சத்தம்', 'காற்று ஒழுகுகிறது' என்று ஆட்கள் பேசுகிற மாதிரியே எழுதுங்கள்.

தமிழில் ஏற்றியதும் எழுத்து உடைந்து ஐரோப்பிய எழுத்துபோல் குப்பையாகத் தெரிந்தால், எக்செலில் சேமிக்கும்போது யூடிஎஃப்-8 என்ற சிஎஸ்வி வகையைத் தேர்ந்தெடுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் அடித்த ஷீட் என்றால் முதலில் யூனிகோடுக்கு மாற்றிவிட்டு ஏற்றுங்கள்.

## அறிகுறி 7: மென்பொருளே திறக்கவில்லை

ஒரு போனில் மட்டுமா, எல்லாவற்றிலுமா என்று பாருங்கள். ஒன்றில் மட்டும் என்றால் ஆப்பை நீக்கி மறுபடி போடும் முன், அனுப்பப்படாத வேலை உள்ளே தேங்கியிருக்கிறதா என்று கேளுங்கள், நீக்கினால் அது போய்விடும். எல்லாவற்றிலும் என்றால் இணையம், பிறகு சந்தா தேதி, பிறகு சர்வர். சர்வரின் ஹார்ட் டிஸ்க் கடகடவென்று சத்தம் போட்டால் திரும்பத் திரும்ப ஆன் செய்து பார்க்காதீர்கள். ஆஃப் செய்துவிட்டு டேட்டா மீட்கும் ஆளைக் கூப்பிடுங்கள்.

அதுவரை வேலை நிற்கக் கூடாது. அச்சடித்த வேலைச் சீட்டு ஐம்பதை ஷிப்ட் ரூம் அலமாரியில் எப்போதும் வைத்திருங்கள், மெஷின் நம்பர், செய்த நேரம், அந்த இரண்டு எண், கையெழுத்து என்று கட்டம் போட்டு. மென்பொருள் திரும்ப வந்ததும் வேலை செய்த தேதியையே போட்டு ஏற்றுங்கள், ஏற்றிய நாளைப் போட்டால் அடுத்த கெடு எல்லாம் தள்ளிப்போகும். ஏற்றிய சீட்டுகளைக் கிழித்துப் போடாமல் மூன்று மாதமாவது கட்டிவையுங்கள்.